அலுமாரிக்குள் உத்தியோகம்

அலுமாரிக்குள் இருக்கும்போது தும்மக்கூடாது என்று ஏர்னெஸ்ட் ஐயா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இருமலாம். இருமலுக்கு அவரிடம் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. தும்மலுக்கு இல்லை.

வந்தவர்கள் கதிரைகளில் உட்கார்ந்த அதே நிமிடத்தில் தவராசாவுக்கு மூக்கு அரிக்கத் தொடங்கியது.

மானிப்பாய் வீதியில் வீட்டுப் பிளான் வரைந்து கொடுக்கும் கந்தோர் அது. நாலு மாதத்துக்கு முன் ஏர்னெஸ்ட் ஐயா சிங்கப்பூரிலிருந்து ஒரு கொம்பியூட்டரையும், அது சொல்கிறபடி பேனா பிடித்து வரையும் இயந்திரக் கை ஒன்றையும் வரவழைத்தார். ‘ரோபோ வரையும் வீடு’ என்று வாசலில் பெயர்ப்பலகை ஏறியது. பதினொரு நாள் அந்தக் கை வரைந்தது. பன்னிரண்டாம் நாள் கரண்ட் ஏறி இறங்கியதில் கருகிப்போனது. பெயர்ப்பலகை கருகவில்லை. அதை நம்பி அச்சுவேலியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தபடி இருந்தார்கள்.

முதலில் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து தவராசா கையால் வரைந்தான். ஆட்கள் திரையை விலக்கி ரோபோவைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். ஆகவே அலுமாரி வந்தது; கீழே ஒரு நீள ஓட்டை, அதன் வழியாகப் பிளான் வெளியே வரும். இயந்திரம் சத்தமே போடவில்லையே என்று ஒருவர் சந்தேகப்பட்டார். ஆகவே உள்ளே ஒரு பழைய தையல் மெஷின் வந்தது. இப்போது தவராசா காலால் மிதித்துக்கொண்டே கையால் வரைந்தான். பிளானில் சுவர்களெல்லாம் நடுங்கின. அது வெளிநாட்டுக் கோடு என்றார் ஐயா.

தவராசா இவ்வளவையும் பொறுத்துக்கொண்டது வருகிற வெள்ளிக்கிழமைக்காக. ஒன்பது சாதகம் பொருந்தாமல் போய், பத்தாவது பொருந்தி, கீரிமலைக் கோயிலில் பெண் பார்ப்பதென்று பேச்சு முற்றாகியிருந்தது. சண்டிலிப்பாய்ப் பெண். படித்தவள். மாப்பிள்ளைக்குக் கொம்பியூட்டரில் உத்தியோகம் என்று புரோக்கர் சொன்ன ஒரு வார்த்தையில்தான் அந்தச் சம்பந்தம் நின்றது. அலுமாரியின் குட்டு உடைந்தால் வேலை போகும். வேலை போனால் வெள்ளிக்கிழமையும் போகும்.

ஓட்டையால் அவனுக்கு மூன்று சோடிச் செருப்புகள் தெரிந்தன. ஓய்வுபெற்ற தபாலதிபர் சிவசுப்பிரமணியம், அவர் மனைவி பராசக்தி, வாயே திறக்காத ஓர் இளம்பெண். தங்கள் பெறாமகள், தங்கையின் மகள் என்று அவளை அறிமுகப்படுத்தி, அவளுக்குச் சீதனமாகக் கட்டப்போகும் வீட்டுக்குப் பிளான் கேட்டார்கள்.

“உது எந்த இடத்துச் சாமான்?” என்று கேட்டார் சிவசுப்பிரமணியம்.

“சிங்கப்பூர்.”

“நல்ல இடந்தான். வயது?”

“ரெண்டு, ஐயா.”

“வருத்தம் கிருத்தம் ஏதும் வாறதோ?”

இயந்திரத்தின் உடம்பு நிலையை இதுவரை யாரும் விசாரித்ததில்லை. ஏர்னெஸ்ட் ஐயா கொஞ்சம் தடுமாறி, ஒரு காய்ச்சல்கூட வந்ததில்லை என்றார். பிளானை மாற்றச் சொன்னால் கோபம் வருமோ என்று பராசக்தி கேட்டார். தங்கமான குணம் என்றார் ஐயா.

அந்த இடத்தில் தவராசா தும்மினான்.

“நூறு வயது” என்றார் பராசக்தி, பழக்கத்தில்.

“இல்லை அக்கா, ரெண்டு வயதுதான்” என்றார் ஐயா, பதற்றத்தில்.

தவராசா அவசரமாக மிதிக்கத் தொடங்கினான். அலுமாரி கடகடத்தது. வீடு உருவானது.

மாப்பிள்ளையின் தாய்க்கு அது எந்த அறையைக் கொடுக்கிறது, பார்ப்போம் என்றார் பராசக்தி. தவராசா தன் அம்மாவை நினைத்தான். நாலு மணிக்கே எழும்பி ரேடியோவைத் திருகுகிறவர். அந்த ரேடியோ மற்றவர்களுக்குக் கேட்காத தூரத்தில், ஆனால் அவர் இருமினால் கேட்கக்கூடிய தூரத்தில் ஓர் அறை போட்டான். குசினியை இரண்டு பேர் நின்று வேலை செய்கிற அளவுக்கு அகலமாக்கினான். தேங்காய் திருவுவது வீட்டில் அவன் வேலை.

இளம்பெண் பெரியம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். பிள்ளைக்குப் புத்தகம் வாசிக்க ஓர் இடம் வேண்டுமாம் என்றார் பராசக்தி. தவராசா ஜன்னலோரம் ஒரு மேசை போட்டான், ஒரு கதிரை போட்டான். பிறகு, ஏனென்று அவனுக்கே தெரியாமல், எதிரே இன்னொரு கதிரையும் போட்டுப் பிளானை வெளியே தள்ளினான்.

“ரெண்டாவது கதிரை ஆருக்கு?” என்றார் சிவசுப்பிரமணியம்.

“அது சும்மா குடுக்கிறது, ஐயா.”

கிணற்றையும் போட்டுத் தரச் சொல்லிப் பிளானைத் திரும்ப உள்ளே விட்டார்கள். அப்போதுதான் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. கொம்பியூட்டரின் கண்ணாடி கறுத்தது. அலுமாரி மட்டும் கடகடவென்று வரைந்துகொண்டிருந்தது.

ஏர்னெஸ்ட் ஐயா ஒன்றும் நடக்காதவர்போல அலுமாரியில் சாய்ந்து, குதிக்காலால் ஓர் உதை கொடுத்தார். வேகம் போதாது என்று உதைக்கிறார் என நினைத்துத் தவராசா இன்னும் வேகமாக மிதித்தான்.

“கரண்ட் இல்லாமலும் உழைக்குதே” என்றார் சிவசுப்பிரமணியம்.

ஐயா குரல் இறங்கி, “உழைப்பாளிதான், ஐயா” என்றார்.

கந்தோரில் தேத்தண்ணி போடும் லூர்த்தம்மா கொண்டுவந்து வைத்த கிளாஸ்களில் ஒன்றைப் பராசக்தி எடுத்தார். குனிந்து அதை அலுமாரி ஓட்டையின் முன் வைத்தார். நாலு மணிக்கு ஓட்டையில் கிளாஸ் வந்தால் எடுத்துக் குடிப்பது தவராசாவின் மூன்று மாதப் பழக்கம். ஒரு கை வந்தது, கிளாஸை எடுத்தது. சிறிது நேரத்தில் வெறும் கிளாஸை வெளியே வைத்தது.

வைத்த பிறகுதான் தவராசாவுக்கு உறைத்தது. தையல் மெஷின் நின்றது. ஏர்னெஸ்ட் ஐயா முகட்டைப் பார்த்தார்.

கிணறு முடிந்ததோ என்று சிவசுப்பிரமணியம் கேட்டார். நடுங்கும் கிணற்றோடு பிளான் வெளியே வந்தது. அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வீட்டில் கதைத்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லி எழுந்தார். ஊருக்குள் போய் என்ன சொல்வாரென்று தவராசாவுக்குத் தெரியும். இரண்டு சோடிச் செருப்புகள் வாசலைத் தாண்டின. உத்தியோகமும் சம்பந்தமும் அவற்றின் பின்னால் படியிறங்கிப் போகும் சத்தம் அவனுக்குக் கேட்டது.

மூன்றாவது சோடி திரும்பி வந்து அலுமாரியின் முன் நின்றது. இவ்வளவு நேரமும் பெரியம்மாவின் காதுக்கு மட்டும் பேசிய அந்தப் பெண் ஓட்டையருகே குனிந்தாள்.

“வெள்ளிக்கிழமை கீரிமலையிலை என்னைப் பாக்க வரேக்கை அலுமாரியை விட்டிட்டு வாங்கோ. முகம் ஒண்டுதான் பாக்கக் கிடக்கு, மற்றதெல்லாம் எங்களுக்குப் பிடிச்சிட்டுது.”