ஊரெல்லாம் சுற்றிய போட்டோ பிரேம்

கல்பனா சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கையெல்லாம் செதில். முழங்கையால் அழுத்தி எடுத்தாள்.

"மேடம், பார்சல். செலியமேட்ல எங்க?"

தெரியாத ஆள் பேசினால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். "அது... வந்து..." என்பதற்குள் வைத்துவிட்டான். சாயந்திரம் 'வீடு பூட்டியிருந்தது' என்று மெசேஜ் வந்தது. பார்சல் கடலூருக்குத் திரும்பிவிட்டது.

அந்தப் பார்சலில் அவள் புருசன் புகழ்வேந்தனின் மானம் இருந்தது. மகளுக்குத் தாய்வீடான மடுகரையில் காது குத்தியபோது, கல்பனாவின் அப்பா பக்கிரி பேனர் கட்டினார். தாய்மாமன் ராஜேஷ் அதில் ஆளுயரம். ராஜேஷின் கூட்டாளிகள் கூலிங்கிளாஸோடு இடுப்பளவு. பெற்ற அப்பன் புகழ்வேந்தன் ஸ்டாம்பு அளவு. அதுவும் கயிறு கட்ட ஓட்டை போட்ட மூலையில். நெற்றியில் ஓட்டை.

"இனிமே உங்கப்பா வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்டி!" என்றான். மிதிக்கவில்லை. அவளையும் அனுப்பவில்லை. பக்கிரி பேத்தியைப் போனில்தான் பார்த்தார். படம் மங்கலாகத் தெரிகிறது என்று துண்டால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். மங்கல் போனில் இல்லை, கண்ணில்.

மகளின் முதல் பிறந்தநாளுக்குப் புகழ்வேந்தன் பதிலடி தயார் செய்தான். அப்பனும் மகளும் மட்டும் இருக்கும் மூன்றடி போட்டோ பிரேம். கம்பெனி கேட்டில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் கல்பனா நம்பரைக் கொடுத்து ஆர்டர் போட்டான்.

ஷிப்ட் முடிந்து வந்து குதித்தான்.

"வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"அந்தாளு படபடன்னு பேசறான்ங்க."

"மெட்ராஸ்லேர்ந்து விழுப்புரம், கடலூர், தவளக்குப்பம், திரும்பக் கடலூரு! நான்கூட இத்தினி ஊரு பார்த்ததில்லடி."

"உங்க மூஞ்சியாச்சும் பார்த்துதே."

"நக்கலா? அடுத்த வாட்டி வாயத் தொறந்து, எங்க குடுக்கணும்னு தெளிவா சொல்லு."

"நானே சொல்லட்டுமா?"

"நீயேதான் சொல்லணும்!"

பார்சல் மறுபடி விழுப்புரம் போனது. ஏன் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. பிறந்தநாள் நெருங்கியபோது அங்கிருந்து ஒருவன் பேசினான்.

"அக்கா, செலியமேடு என் லைன்ல வராது. மடுகரை வரைக்குந்தான். ரிட்டர்ன் போட்டுடவா?"

கல்பனா தூங்கும் குழந்தையைப் பார்த்தாள். நாக்கு ஒட்டவில்லை.

"போடாதப்பா. மடுகரையில பக்கிரி வூடுன்னு கேட்டுக் குடுத்துடு."

பிறகு அப்பாவுக்குப் போன் போட்டாள். அதில் கொஞ்சம் அதிகமாகவே பேசினாள்.

பிறந்தநாளுக்கு முதல் நாள், பார்சல் மாமனார் வீட்டில் இறங்கிவிட்டது என்று தெரிந்து புகழ்வேந்தன் வண்டியை எடுத்தான். "வாசல்ல நின்னு வாங்கினு வந்துடுவேன்."

"மூணடிக் கண்ணாடிங்க. பின்னாடி யாரு புடிச்சிக்கறது?"

அவளும் ஏறினாள். அவள் ஏறினால் குழந்தையும் ஏறத்தானே வேண்டும்.

மடுகரையில் வாசலிலேயே நின்று ஹாரன் அடித்தான். பக்கிரி சுத்தியலோடு வந்தார். பேத்தியைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு வாங்கிக்கொண்டார்.

"ஒடஞ்சிடப் போவுதுன்னு செவுத்துல மாட்டிட்டேன் மாப்ள. கோணலா இருக்குதான்னு வந்து பாருங்க."

தன் முகம் கோணலாகத் தொங்குவதை எவன் பொறுப்பான்? செருப்பைக் கழற்றினான். நடுக்கூடத்தில் ராஜேஷ் படத்தை இறக்கிவிட்டு அந்த ஆணியில் மாட்டியிருந்தார்கள். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய படம் இல்லை. கொஞ்சநேரம் பார்த்தான். இன்னும் கொஞ்சநேரம் பார்த்தான். படத்துக்கு நேர் எதிரே இலை போட்டார்கள். உட்கார்ந்தான்.

மறுசோறு போடக் குனிந்த கல்பனாவிடம் மெல்லக் கேட்டான்.

"இங்க குடுக்கச் சொன்னது யாருடி?"

"நீங்கதான வாயத் தொறந்து சொல்லச் சொன்னீங்க."

"செரி, எப்பக் கெளம்பறது?"

"நாளைக்கு இங்க பேனர் கட்டறாங்க. அதுல நீங்கதான் ஆளுயரம். ராஜேஷு ஓட்ட போடற மூலையில. அத வுட்டுட்டு நாம எப்படிங்க..."

"கல்பனா!" உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். "மாப்ள எலையப் பாக்காம இன்னாடி பேச்சு? அவரு மீனு எப்பவோ தீந்துபோச்சி, ஓடியா!"