பெட்டி மாற்றியாகிவிட்டது, மச்சான்

இறக்கக்கண்டி

அன்புள்ள ஹஸ்மி மச்சானுக்கு,

நீங்கள் என் ராத்தாவை விட்டுவிட்டுப் போனது ஒரு கறுப்புப் பெட்டிக்காக. உள்ளங்கை அகலம்கூட வராத ஒரு பிளாஸ்டிக் பெட்டி.

அஸ்ஸலாமு அலைக்கும். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், கோபத்தில் பிந்திவிட்டது. நீங்களும் உங்கள் உம்மாவும் தோப்பூரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதும்படி உங்கள் மனைவி, என் றுக்கியா ராத்தா, சொன்னார். எழுதிவிட்டேன். எங்கள் வீட்டு நம்பர் எல்லாவற்றையும் உங்கள் போனில் தடுத்து வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் இந்தக் காலத்தில் முத்திரை ஒட்டிக் கடதாசி போடுகிறேன். தபால்காரரைத் தடுக்க உங்களுக்கு ஏலாது.

நிக்காஹ் பேச வந்த நாளில் உங்கள் உம்மா சீதனம் என்ற சொல்லை வாயில் எடுக்கவே இல்லை. "சீதனம் ஹராம், நாங்க கேக்கல்ல. புள்ள இரிக்க ஒரு வீடு போதும். மகன் மீன் ஏவாரம் செய்யிறவர், கடக்கரை மணலுக்குள்ளயும் போகோணும், மழைக்கு வயலுக்குள்ளயும் போகோணும். நாலு சில்லும் இழுக்கிற பிக்கப் ஒண்டு அன்பளிப்பா வந்தா வேணாம் எண்டு சொல்ல மாட்டம்" என்றார். ஹராத்துக்கு நாலு சில்லுப் பூட்டினால் அன்பளிப்பு. ஊர்ப் பெரியவர்களும் தலையாட்டினார்கள், புரியாணி நல்லது என்றார்கள், போனார்கள். வாப்பா தன் வள்ளத்தை எஞ்சினோடு விற்று பிக்கப் வாங்கித் தந்தார். இன்று அதே வள்ளத்தில் கூலிக்குப் போகிறார். ஏறியதும் பழக்கத்தில் எஞ்சின் பக்கத்தில் போய்க் குந்துவாராம். "முஹம்மது தம்பி காக்கா, அது இப்ப என்ட இடம்" என்று வாங்கியவன் தோளைத் தட்டி எழுப்புவானாம். இதை வாப்பா வீட்டில் சொல்லிச் சிரிக்கிறார். உம்மா சிரிப்பதில்லை.

அந்தக் காலை உங்களுக்கு மறந்திருக்காது. மீன் ஏற்றிய பிக்கப் மணலில் புதைந்தது. நீங்கள் ஃபோர் வீல் பொத்தானைத் திருகினீர்கள். விளக்கு மட்டும் கண் சிமிட்டியது. பின் சில்லு இரண்டும் மணலைத் தோண்டின, முன் சில்லு இரண்டும் சும்மா பார்த்துக்கொண்டு நின்றன. கரைவலை முதலாளி அன்ஸார் சம்மாட்டி சும்மா இருக்காமல், "என்ன மாப்புள்ள, நாலு கேட்டு எடுத்தீங்க, ரெண்டுதானே வேலை செய்யிது!" என்றார். கடற்கரையே சிரித்தது. நானும் சிரித்தேன், மறைக்கவில்லை. நீங்கள் சாவியை மணலில் எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்தீர்கள். ராத்தா உங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றார். "பழுதான சாமானத் தந்து என்னய ஏமாத்திட்டீங்க. சரியாக்கிப்போட்டுச் சொல்லுங்க, வாறன்" என்று வாப்பாவிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினீர்கள். அந்தக் கோப்பையை ராத்தா ஆறவிட்டு, பிறகு தானே குடித்தார்.

நீங்கள் போன பிறகு கடல் ஏறத் தொடங்கியது. வலைக்காரர்கள் வலைக் கயிற்றை பிக்கப்பில் கட்டி, மீனுக்குப் போடும் அதே சத்தத்தைப் போட்டு இழுத்தார்கள். முன்னுக்கு நின்றவர் வாப்பா. தான் விற்ற வள்ளத்தை அவர் மணலுக்குள்ளிருந்து இழுத்தார், மச்சான்.

துறைமுகத்துப் பக்கம் கராஜ் வைத்திருக்கும் யோகலிங்கம் அண்ணனிடம் கொண்டுபோனோம். கொம்பியூட்டரைக் கொழுவிப் பார்த்துவிட்டு, "எஞ்சின் நல்லம், கியரும் நல்லம். நாலு சில்லுக்கும் கட்டளை குடுக்கிற பெட்டிதான் செத்துப்போச்சு" என்றார். அந்தப் பெட்டி இடப்பக்க ஆசனத்துக்குக் கீழே இருக்கிறது. கழற்றித் திறந்தார். உள்ளே உப்பு, பச்சைப் பூஞ்சணம், நடுவில் பளபளவென்று ஒரு மீன் செதில். "தம்பி, இதுக்குள்ள ஆர் மீன் வளத்தது?" என்று கேட்டார்.

நீங்கள்தான். ஒவ்வொரு வெள்ளியும் நல்ல அறுக்குளா மீனாகத் தெரிந்தெடுத்து, வேறு கண் படாமல் உரப்பையில் ஐஸோடு சுற்றி, அந்த ஆசனத்தடியில் திணித்துத் தோப்பூருக்குக் கொண்டுபோனீர்கள். ஐஸ் உருகியது. உப்புத் தண்ணீர் பெட்டிக்குள் போனது. பழுதான சாமான் எங்கள் வீட்டிலிருந்து வரவில்லை. உங்கள் உம்மாவின் குழம்புக்குப் போகும் வழியில்தான் அது பழுதானது. உடனே உங்களிடம் இதைச் சொல்ல பஸ் ஏறப் போனேன். ராத்தா கையைப் பிடித்துக்கொண்டார். "உம்மாவுக்குத்தானே கொண்டு போனவர், நஸ்ரி. பெத்தவவுக்கு நல்ல மீன் குடுக்கிற மனுசன் கெட்டவரா இரிக்க மாட்டார்" என்றார். நான் பஸ் ஏறவில்லை.

செத்த பெட்டியை உம்மா விடவில்லை. நனைந்த போனை அரிசிக்குள் வைத்தால் உயிர் வருமாம் என்று அரிசிப் பானைக்குள் புதைத்தார். பெட்டிக்கு உயிர் வரவில்லை, சோற்றுக்குக் கராஜ் மணம் வந்தது. பிறகு கருவாட்டோடு வெயிலில் வைத்தார். பூனை கருவாட்டை விட்டுவிட்டுப் பெட்டியை நக்கியது. அதன் பிறகுதான் உம்மா கைவிட்டார்.

முதலில் கிடைத்த பாவித்த பெட்டி வேறு வருடத்து வண்டியுடையது. பூட்டியதும் நாலு சில்லும் இழுத்தன, ஆனால் வண்டி லோ கியரைவிட்டு ஏற மாட்டேன் என்றது. "வேற பெட்டி தேடுவம், அதுவரைக்கும் ஓடாதேங்கோ" என்று யோகலிங்கம் அண்ணன் எவ்வளவோ சொன்னார். வாப்பா கேட்கவில்லை. டவுனிலிருந்து வீடுவரை உறுமிக்கொண்டு ஊர்ந்தோம். நிலாவெளியில் ஐஸ்கிறீம் சைக்கிள்காரன் எங்களை முந்திப்போனான், போகும்போது மணியும் அடித்தான். குச்சவெளி பஸ்ஸிலிருந்து கொண்டக்டர் தலையை நீட்டி, "காக்கா, எறங்கி நடங்க, வேளைக்குப் போகலாம்!" என்றான். வாப்பாவுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. "மெதுவாப் போனா என்ன மகன், நாலும் சுத்துதே. மருமகன் வந்திருவார்" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சரியான பெட்டி பிறகு கொழும்பிலிருந்து வந்தது. எப்படி வாங்கினோம் என்று கேட்க மாட்டீர்கள், நானே சொல்கிறேன். ராத்தாவின் கையில் காப்பு இல்லை. நிக்காஹ் அன்று நீங்கள் மஹராகப் போட்ட காப்பு. நீங்கள் அவருக்குக் கொடுத்த ஒரே பொருளை விற்று, நீங்கள் எங்களிடம் எடுத்த பொருளை அவர் திருத்தினார். இதற்கு மார்க்கத்தில் என்ன பெயர் என்று தோப்பூரில் யாரிடமாவது கேட்டு எழுதுங்கள்.

பூட்டிய அன்று கடற்கரைக்குக் கொண்டுபோனோம். ராத்தா முன் ஆசனத்தில் இருந்தார். நீங்கள் புதைந்த அதே இடம். பொத்தானைத் திருகினேன், விளக்கு சிமிட்டாமல் நின்று எரிந்தது, நாலு சில்லும் மணலைக் கவ்வி ஏறின. அன்ஸார் சம்மாட்டிகூடக் கை தட்டினார். ராத்தா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இப்ப வருவார்தானே?"

உம்மா அடுத்த வீட்டுப் போனிலிருந்து உங்கள் உம்மாவுக்கு எடுத்தார். "மகன் வயலுக்குப் போயிட்டார் மதினி." மறுபடி எடுத்தாலும் வயல். கொட்டுகிற மழையிலும் வயல். சத்தம் போட்டுக் கதைக்காத எங்கள் உம்மா கடைசியில், "ஃபோர் வீல் இல்லாம மழைக்கு வயலுக்குள்ள போக ஏலாது எண்டீங்களே மதினி, இப்ப எப்பிடிப் போறார்?" என்று கேட்டார். அத்தோடு போன் வெட்டுப்பட்டது.

ஆகவே அறிவது: பெட்டி மாற்றியாகிவிட்டது. ராத்தா தினமும் பிக்கப்பைக் கழுவுகிறார். மூடி போட்ட ஒரு வாளியும் வாங்கி வைத்திருக்கிறார், உங்கள் உம்மாவுக்கு மீன் கொண்டுபோகத் தண்ணீர் ஒழுகாத வாளி. நீங்கள் சொன்ன நிபந்தனை நிறைவேறிவிட்டது. வாருங்கள்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், உங்கள் உம்மாவுக்கு முள்ளில்லாத மீனையும் தருவானாக. உங்கள் வீட்டார் எல்லாருக்கும் எங்கள் ஸலாம்.

இப்படிக்கு,
உங்கள் மச்சினன் நஸ்ரி

பி.கு.: வண்டி சரியாகிவிட்டது என்று மேலே எழுதியதையெல்லாம் வெட்டிவிடுங்கள். ஒட்டுவதற்கு முன் ராத்தா இதை வாங்கி வாசித்தார். மடித்துத் தந்தார். இன்று விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு முற்றத்தில் சத்தம் கேட்டுப் போனேன். பிக்கப் கதவைத் திறந்து, ஆசனத்தடியில் தலையை விட்டு, புதுப் பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார். இரண்டு நட்டும் ஒரு பிளக்கும்தான், யோகலிங்கம் அண்ணன் பூட்டும்போது பார்த்து வைத்திருக்கிறார். செதில் ஒட்டிய பழைய பெட்டியை அந்த இடத்தில் மாட்டினார்.

"என்ன ராத்தா செய்யிறீங்க?"

"பெட்டி சரியெண்டு கேட்டு வந்தா, அவர் பெட்டிக்கு வந்தவர். நாளைக்கு இன்னொண்டு பழுதாகும். என்ட பல்லு விழும், கண்ணு மங்கும். அப்பயும் பஸ் ஏறுவார். எழுது: வண்டி பழுது, ரெண்டு சில்லுதான் இழுக்குது. இதுக்கு வாறாரா எண்டு கேளு."

கேட்கிறேன். வண்டி பழுது, மச்சான். ரெண்டு சில்லுதான் இழுக்குது. வாறீங்களா? சொல்லுங்கள்.