மூன்று சங்கங்களும் ஒரு வேனும்

நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு மனிதகுலம் சாதித்த மிகப் பெரிய காரியம், நாங்கள் குடியேறிய கிரவீன் புறநகரில் எங்கள் மூன்று தமிழ்ச் சங்கங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்ததுதான். பேரிடரைத் தாங்கும் சமூகத்தை அமைப்புகள் எப்படிக் கூடிக் கட்டுகின்றன என்று ஆராயப் பல்கலைக்கழகத்திலிருந்து ஹரிப்பிரியா வந்திருந்தார். பார்த்தவுடனே எங்களை 'முன்மாதிரி' என்றார். தப்பில்லை.

எங்களிடம் ஒரு மீட்பு வேன் உண்டு. 'சமபங்குக் கொள்கை'ப்படி வேன் வெங்கட்ராமன் சங்கத்துக்கு, சாவி செந்தூரன் சங்கத்துக்கு, சக்கர நாற்காலியை ஏற்றும் சாய்பலகை என் சங்கத்துக்கு. தலைவர்கள் நாங்கள் மூவரும் ஒருமனதாகத் தீர்மானித்தால்தான் வேன் நகரும். அதனால் இதுவரை அதில் ஒரு கீறல்கூட விழவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்தே மழை. வேனின் பக்கத்தில் எந்தச் சங்கத்தின் பெயரை முதலில் எழுதுவது என்று ஆழமாக விவாதித்துக்கொண்டிருந்தோம். தர்சினி போன் செய்தாள். இரண்டு தெரு தள்ளி, ஓடையோரம் வீடு. நடக்க முடியாமல் சக்கர நாற்காலியில் இருக்கும் அப்பாவோடு தனியாக இருப்பவள். எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசை நடுவில் வைத்தேன். வெளிப்படைத்தன்மை எங்கள் உயிர்.

"அண்ணை, குசினிக்குள்ள தண்ணி வந்திட்டுது. கார் ஸ்டார்ட் ஆகுதில்லை. அப்பாவைத் தூக்க எனக்கு ஏலாது. வேனை அனுப்புங்கோ."

வெங்கட்ராமன் கனிவாகச் சொன்னார்: "அனுப்புறதப் பத்தித்தாம்மா பேசிட்டிருக்கோம். லைன்லயே இருங்க."

வேன் யாருடையதோ அவர்கள் பெயர்தான் முதலில் என்று அவர் தொடர்ந்தார். சாவியில்லாத வேன் வெறும் தகரம் என்றார் செந்தூரன். ஏற வழியில்லாத வேனால் யாருக்கு என்ன பயன் என்று நானும் பணிவோடு கேட்டேன். தேநீர் வந்தது. இப்படிப்பட்ட தரவு வாழ்நாளில் ஒருமுறைதான் கிடைக்கும் என்று பூரித்த ஹரிப்பிரியா, போனருகே குனிந்தார்.

"அக்கா, இவங்க கூட்டுச் செயல்பாட்டுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க?"

"அப்பான்ர கதிரைச் சில்லு மூடுற அளவுக்குத் தண்ணி நிக்குது தங்கச்சி."

"அப்போ ஏழுன்னு போட்டுக்கவா?"

பின்னாலிருந்து கிழவரின் குரல் கேட்டது. "ஆரோடை கதைக்கிறாய்?"

"மூண்டு சங்கமும் ஒண்டா இருக்கினமாம் அப்பா."

"அப்ப நீ அஸ்கரைக் கூப்பிடு."

அஸ்கர், அவர்களுடைய பக்கத்து வீட்டு இறைச்சிக்கடைக்காரர். எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் இல்லை. பயிற்சிப் பட்டறை எதிலும் கலந்துகொண்டவரும் இல்லை. வேலியேறிக் குதித்து, முழு ஆட்டைப் போடுவதுபோலக் கிழவரைத் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரைக் கடந்து மேட்டுத் தெருவில் இறக்கிவிட்டார். தர்சினி சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். நாங்கள் அப்போது இரண்டாவது தேநீரில் இருந்தோம்.

அறிக்கையில் அஸ்கரை 'கூட்டுச் செயல்பாட்டுக்கு இடையூறு' என்று ஹரிப்பிரியா பதிந்தார். மூவரும் ஆமோதித்தோம். அஸ்கர் அவசரப்பட்டிருக்கக் கூடாது. கொஞ்சம் பொறுத்திருந்தால் கிழவர் விஷயத்தில் எங்கள் ஒற்றுமையை உலகமே பார்த்திருக்கும். இரங்கல் தீர்மானத்தை நாங்கள் ஒருநாளும் தாமதித்ததில்லை.