துவாய் அண்ணையும் கீழ்வீட்டுச் சாமியும்

சொந்தமாக ஒரு குளியலறையும், அதில் எந்நேரமும் சுடுதண்ணீரும் வைத்துக்கொண்டு, இரண்டு மாதம் அதற்குள் காலே வைக்காத மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் மாண்ட்ரியலில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கம், இரண்டாம் மாடியில் என் எதிர்வீட்டில் இருந்தார். பெயர் எதற்கு? துவாய் அண்ணை என்றால் அந்தக் கட்டடமே சொல்லும். நம் ஊர்த் துண்டுதான் யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குத் துவாய். அந்த நாட்களில் அது தோளில் இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது.

அதற்கு முன்பு மனிதர் ஒழுங்காகத்தான் இருந்தார். லொங்குய்யில் ஒரு கிடங்கில் வேலை, வீடு, டிவி. ஒருநாள் அவர் வீட்டுக் குழாய் ஒழுகியது. தண்ணீர் கீழே இறங்கியதோ என்று பார்க்க, கீழ்வீட்டு யூக்கோவிடம் போனார். யூக்கோ ஜப்பான்காரி, பேக்கரியில் வேலை, தனியாள். போனவர் நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"பிள்ளை, கீழ்வீட்டிலை ஒரு கோயில் இருக்கு!"

"கோயிலா? எந்தச் சாமிண்ணா?"

"அதுதான் விளங்கேல்லை. சுவரிலை உயரத்திலை ஒரு பலகை. அதிலை சின்ன மரக்கோயில். முன்னாலை சோறு, உப்பு, தண்ணி. அந்தப் பிள்ளையின்ரை ஊரிலை வயல் காக்கிற சாமியாம். அங்கை பெரிய கோயில் வாசல்லை ரெண்டு நரிச் சிலை நிக்குதாம். நரிதான் சாமியோ எண்டு கேட்டன். இல்லையாம், நரி தூது போறதாம். அப்ப சாமி எப்பிடி இருக்கும் எண்டால், பாத்ததில்லை எண்டு சிரிக்குது!"

எனக்கும் தலை சுற்றியது. அவர் விடவில்லை.

"சோதினை பாஸாகவேணுமெண்டாலும் அங்கைதானாம். பிள்ளை பிறந்தாலும் அங்கைதானாம். புதுக் கார் வாங்கினால் காரையும் கொண்டு போவினமாம். எங்கடை ஆக்கள்தான் பிள்ளை!" என்று மலர்ந்த முகம், சட்டென்று சுருங்கியது. "ஆனால் அந்தச் சாமிக்கு நேர மேலை என்ன இருக்குத் தெரியுமோ? எங்கடை குளியலறை. அதிலையும், கொமோட்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு என் கதவு தட்டப்பட்டது. துவாய், சோப்பு, அண்ணை.

"என் பாத்ரூமுக்குக் கீழயும் யாராவது சாமி வச்சிருந்தா?" என்றேன், தூக்கக் கலக்கத்தில்.

"போய்ப் பாத்திட்டன். ஒரு சைக்கிள்தான் நிக்குது."

அன்றிலிருந்து தினமும் அதே நேரம். முதலில் அவர் பல் தேய்க்கும் பிரஷ் குடிவந்தது, பிறகு எண்ணெய்ப் போத்தல், பிறகு தேவாரம். முக்கால் மணி நேரம் குரலெடுத்துப் பாடுவார். வீட்டிலிருந்தே சேர்ந்த ஓர் அதிகாலை ஆன்லைன் மீட்டிங்கில் என் மேனேஜர், உங்கள் வீட்டில் யாராவது அழுகிறார்களா என்று கவலையோடு கேட்டார்.

"யூக்கோகிட்டச் சொல்லி அந்தப் பலகையை மாத்தி வைக்கச் சொல்லுங்களேண்ணா!"

"சாமியைப் பாத்து எழும்பு எண்டு நான் சொல்லுறதோ? அந்தப் பிள்ளை தனிய இருக்குது. உன்ரை சாமிக்கு மேலைதான் இவ்வளவு காலமும் நாங்கள் எல்லாம் செய்தனாங்கள் எண்டு கேட்டால், அதின்ரை மனம் என்ன பாடுபடும்?" வாயைத் திறக்கமாட்டேன் என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார். மனிதர் இம்சைதான், ஆனால் இப்படி ஒரு நல்ல இம்சையை நான் பார்த்ததில்லை.

அவர் மனைவி பவானி அக்கா அசையவில்லை. "இஞ்சருங்கோ, நான் குண்டுச் சத்தத்துக்குள்ளையும் கிணத்தடியிலை குளிச்சனான். உந்தச் சாமி என்னை என்ன செய்யப்போகுது?" என்று தன் வீட்டிலேயே குளித்தார். ஒவ்வொரு முறை அவர் தண்ணீரைத் திறக்கும்போதும் அண்ணை என் சோபாவில் கண்ணை மூடி மன்னிப்புக் கேட்பார்.

கடைசியில் அண்ணை ஜூலையில் வீட்டையே காலி செய்வதென்று முடிவெடுத்தார். அக்கா பெட்டியை எடுத்தார்.

"இந்த நாட்டுக்கு வந்து நாலு வீடு மாறிட்டன். இனி ஏலாது. நான் ரொக்ஸ்பரோவிலை மகளிட்டைப் போறன். நீங்கள் வீட்டை விட்டால், நான் திரும்பி வரமாட்டன்."

போயே விட்டார். வீட்டுக்காரருக்கு பிரெஞ்சில் கடிதம் எழுதித் தரச் சொல்லி அண்ணை வந்தார். எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவர், போடாமல் அழுதார். "அவள் இல்லாமல் நான் எந்த வீட்டிலை போய் இருக்கிறது?"

சத்தியமாவது ஒன்றாவது! அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே போய், பாதி ஆங்கிலமும் பாதி பிரெஞ்சுமாக யூக்கோவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

யூக்கோ சிரிக்கவில்லை. அண்ணாந்து பார்க்கச் சொன்னாள். பலகைக்கு நேர் மேலே, கூரையில், ஒரு சின்ன வெள்ளைத் தாள். அதில் ஒரே ஒரு ஜப்பானிய எழுத்து. சாமி கும்பிடுகிறவர்களில் யார் கூரையைப் பார்க்கிறார்கள்?

"மேகம் என்று எழுதியிருக்கிறது. மேலே ஆள் குடியிருந்தால் நாங்கள் இப்படித்தான் ஒட்டுவோம். சாமிக்கு மேலே வானம் மட்டும்தான் என்று அர்த்தம்."

நான் தமிழில் சொன்னேன். அண்ணைக்குத் திருப்தியில்லை. "கடவுளுக்குக் கடுதாசி ஒட்டி ஏமாத்திறதோ?"

"ஏமாற்றவில்லை. மேலே நீங்கள் இருப்பது சாமிக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளும்படி மரியாதையாகக் கேட்கிறோம்."

"அப்ப எங்கடை குளியலறை?"

"மேகம்."

"அந்தத் தண்ணிச் சத்தம்?"

"மேகத்தில் தண்ணீர் இருக்கும்தானே?"

"அப்ப நான்?"

யூக்கோ அவர் வயிற்றை ஒருமுறை பார்த்தாள். "பெரிய மேகம்."

பிறகு தங்கள் ஊர் முறைப்படி சாமியைக் கும்பிட்டுக் காட்டினாள். அண்ணையும் அதைப் பார்த்து இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி குனிந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று தலையில் குட்டிக்கொண்டு மூன்று தோப்புக்கரணமும் போட்டார். யூக்கோ இது எந்த ஊர் வழக்கம் என்று என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டி வைத்தேன்.

மாடிப்படியிலேயே போனை எடுத்தார். "இஞ்சை பாரும், நாங்கள் மேகமாம். நீர் வாரும்."

"உங்களுக்கு விசர் பிடிச்சிட்டுது," என்றார் அக்கா. சாயங்காலம் பெட்டியோடு வந்துவிட்டார்.

மறுநாள் ஆறு மணிக்கு யாரும் தட்டவில்லை. அப்பாடா என்று புரண்டு படுத்தேன், தூக்கம் வரவில்லை. ஆறரைக்கு எழுந்து போய் நானே எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். தலை ஈரம் சொட்டச்சொட்ட அண்ணை திறந்தார்.

"என்ன பிள்ளை, உம்மடை வீட்டிலை தண்ணி வரேல்லையோ?"

"தண்ணி வருதுண்ணா," என்றேன். "நீங்கதான் வரல."