செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டருக்குள் போகிறவர்

கடலூர் மாவட்டத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, கதவைத் தட்டி, அனுமதி கேட்டுக்கொண்டு கம்ப்யூட்டருக்குள் போகிறவர் ஒருவர்தான். அவர் சிதம்பரத்தில் எனக்குப் பக்கத்து மேசை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் உண்டு, ஆனால் அதைச் சொல்லிக் கேட்டால் எங்கள் கடையில் யாருக்கும் தெரியாது. குமராட்சியிலிருந்து விதை நெல் வாங்க வருகிறவர்கள் முதல் டீ கொண்டுவருகிறவர் வரை எல்லோருக்கும் அவர் கதவுதட்டி சார்.

எங்களுடையது விதையும் உரமும் விற்கிற கடை. தலைமைக் கடையும் கிடங்கும் கடலூர் முதுநகரில் இருக்கின்றன. கீழ வீதிக்குப் பின்னால் உள்ள எங்களுடையது கிளை. கணக்கு, சரக்கு, பில் எல்லாம் முதுநகரில் ஒரு சின்ன அறையில் இருக்கும் லினக்ஸ் கம்ப்யூட்டருக்குள் கிடக்கிறது. எங்கள் மேசைகளில் இருப்பதோ விண்டோஸ். இங்கிருந்து அங்கே போக கதவுதட்டி சார் ஒரு சின்னக் கறுப்பு ஜன்னலைத் திறப்பார். அந்த மெஷினின் முகவரியைக் கொடுத்து, பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால், அதன்பிறகு சிதம்பரத்தில் தட்டுகிற எழுத்தெல்லாம் முதுநகரில் போய் வேலை செய்யும். ஊர் உலகம் முழுக்க நடக்கிற சாதாரண காரியம்தான். அதை ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிற மாதிரி செய்தது அவர் மட்டும்தான்.

முதலில் செருப்பு. பிறகு மேசை விளிம்பில் விரலால் டொக் டொக். உள்ளே போனதும் வேலையை ஆரம்பிக்க மாட்டார். அந்த மெஷினுக்குள் அந்த நேரத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க லினக்ஸில் ஒரு கட்டளை இருக்கிறது. அதைத் தட்டிப் பெயர்களைப் படிப்பார்.

"யார் இருக்காங்க, யார் இல்லன்னு பாக்காம ஒரு வூட்டுக்குள்ள திபுதிபுன்னு நுழையலாமாம்மா?" என்பார்.

"அது வீடு இல்ல சார், மெஷினு."

"மெஷினு எங்க இருக்குது? வூட்லதான இருக்குது?"

இதற்கு மேல் அவரிடம் வாதாடினால் மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகும்.

வேலை முடிந்ததும் முறையாக வெளியேறும் கட்டளையைத் தட்டி, வாய்க்குள் "போயிட்டு வரேன்" என்று முணுமுணுப்பார். நான் ஒரு நாள் அவசரத்தில் ஜன்னலின் மூலையிலிருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி மூடிவிட்டேன். அன்று முழுக்க என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "சோறு தின்ன எலையில இருந்து சொல்லாம கொள்ளாம எந்திரிச்சுப் போவியா?" என்று மட்டும் சாயங்காலம் கேட்டார். மழைக்காலத்தில் ஒருமுறை கரண்ட் போய் அவருடைய தொடர்பு நடுவில் அறுந்துவிட்டது. மனிதர் எதையோ பறிகொடுத்த மாதிரி உட்கார்ந்திருந்தார். கரண்ட் வந்ததும் மறுபடி செருப்பைக் கழற்றி, தட்டி, உள்ளே போனார். ஏதோ பெரிய வேலை பாக்கி இருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். விடைபெற்றுக்கொண்டு வெளியே வந்தார், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனியிலிருந்து ஒரு இளைஞர் வந்து, "சார், இந்தக் கறுப்புத் திரையெல்லாம் எதுக்கு? அந்த மெஷினோட திரையவே இங்க படமா கொண்டாந்துர்றேன், மவுஸ வெச்சே எல்லாம் செய்யலாம்" என்றார். கதவுதட்டி சார் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

"தம்பி, நீங்க சொல்றது மதில் மேல ஏறி எட்டிப் பாக்குற வேல. நான் வாசல் வழியா போறவன்."

அந்த இளைஞர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். இன்றுவரை திரும்பி வரவில்லை.

இவ்வளவு முறை பார்க்கிற மனிதர் ஏன் நேரில் ஒரு நாள்கூட முதுநகர் போவதில்லை என்பது வேலைக்குச் சேர்ந்து வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் முதலாளி வேறு யாருமல்ல, கதவுதட்டி சாருடைய தங்கை வீட்டுக்காரர். தங்கை பெயர் மங்கை. கிடங்குக்கு மேலேயே அவர்கள் மாடி வீடு கட்டினார்கள். கிரகப்பிரவேசத்துக்கு வீட்டுக்கு வந்து, தட்டு வைத்து, மூத்த மச்சானை அழைக்க வேண்டிய முதலாளி, வேலை மும்முரத்தில் பத்திரிகையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். அதுவும் நேராக அவருக்கு இல்லை, கடை ஊழியர்கள் குழுவில். யூரியா விலை மாற்றத்துக்குக் கீழே, தங்கையின் புது வீடு.

"வூட்டுக்குக் கூப்புடணும்னா வூட்டுக்கு வரணும். மாப்ள வந்து கூப்புடுற வரைக்கும் அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். கிடங்குக்கும் வீட்டுக்கும் ஒரே கேட் என்பதால் தலைமைக் கடைக்குப் போவதும் நின்றது. வேலையை விடவில்லை. வேலை வேறு, உறவு வேறாம். முதலாளிக்கும் ரோஷம் உண்டு. சொன்னதைத் திரும்ப எடுக்காத இரண்டு ஆண்களுக்கு நடுவில் மங்கை அக்காதான் மாட்டிக்கொண்டார்.

அந்தக் கட்டளை எனக்குப் புரிந்தது அதற்குப் பிறகுதான். முதுநகரில் சரக்கு வரவு ஏற்றுகிறவர் மங்கை அக்கா. காலையில் கடை திறந்ததும் அவர் அந்த மெஷினுக்குள் வந்துவிடுவார். யார் யார் இருக்கிறார்கள் என்று இவர் இங்கே தட்டினால் வரிசையில் மங்கை என்று ஒரு பெயர் நிற்கும். அதைப் பார்த்து "ம்" என்பார். அந்த "ம்" வந்த பிறகுதான் காலை டீ இறங்கும். அண்ணன் தங்கையைப் பார்க்கிற முறை அது ஒன்றாகத்தான் இருந்தது. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் கோபமும் வரும், பாவமாகவும் இருக்கும்.

போன சம்பா விதைப்பு சமயத்தில் ஒரு நாள் அந்தப் பெயர் வரிசையில் இல்லை. மறுநாளும் இல்லை. அடுத்த நாள் டீ ஆறி ஆடை கட்டியது. கதவுதட்டி சார் முதலாளிக்கு போன் போட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"மாப்ள, டிஏபி உரம் வந்துச்சா?"

"வந்துச்சு மச்சான்."

"ஜாஸ்தி வந்துச்சா, கம்மியா?"

"கேட்டதுதான் வந்துச்சு."

கதவுதட்டி சார் போனை அடுத்த காதுக்கு மாற்றினார்.

"வேற ஏதாச்சும்?"

"வேற ஒண்ணுமில்ல மச்சான்."

போனை வைத்துவிட்டு, கிடங்கில் டிஏபி மூட்டைகளே இல்லாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். எனக்கு ரெண்டு பேரையும் உட்காரவைத்துத் தலையில் குட்டலாமா என்றிருந்தது. நானே விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். "வேணாம்மா. கேட்டுத் தெரிஞ்சிக்கிறதுக்கு நான் என்ன மூணாவது மனுஷனா?" என்றார்.

மறுநாள் காலை கடையில் நல்ல கூட்டம். செருப்பைக் கழற்றினார், தட்டினார், பெயர்களைப் பார்த்தார். இல்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏதோ தட்டினார். அடுத்த நிமிடம் என் திரையில் பில் அப்படியே நின்றுவிட்டது. குமராட்சிக்காரர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பில்லுக்காகக் கவுண்டரில் நிற்கிறார்கள்.

"என்ன சார் ஆச்சு?"

"தப்பா அணைச்சிட்டேம்மா. இந்த மெஷின அணைக்கிறதா நெனச்சு முதுநகர அணைச்சிட்டேன்."

இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய தப்பு கிடையாது. தூரத்து மெஷினை இங்கிருந்தபடி அணைக்க முடியும், எழுப்ப முடியாது. யாராவது அங்கே போய்ப் பொத்தானை அழுத்த வேண்டும். அந்த அறையை யாரும் தொடக்கூடாது என்று பூட்டு போட்டவரே இவர்தான். சாவி இவருடைய அரைஞாண் கயிற்றில் தொங்குகிறது.

முதலாளி போனில் கத்தினார். யாரிடமாவது சாவியைக் கொடுத்து பஸ்ஸில் அனுப்பச் சொன்னார். நான் கையை நீட்டினேன்.

"சாவிய நான் தர மாட்டேன். நானே போறேன். வேலைக்குத்தான் போறேன், ஒறவுக்குப் போகல. நீயும் வா, நான் வேலைக்குத்தான் போனேன்னு பின்னால சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும்."

கவுண்டரை இன்னொருவரிடம் விட்டுவிட்டு சாட்சியாகக் கிளம்பினேன். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் எல்லாம் தாண்டிப் போகிறது பஸ். மனிதர் இடுப்பைத் தொட்டுத் தொட்டுச் சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார்.

முதுநகரில் அந்தக் கேட் அகலத் திறந்துகிடந்தது. லாரியே போகலாம். இவர் வெளியே ரோட்டிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, திறந்த கேட்டின் இரும்புத் தகட்டைத் தட்டினார். டொக் டொக்.

கிடங்கிலிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். மச்சான் வெறுங்காலோடு வெயிலில் நிற்கிறார். முதலாளி கையில் ஒட்டியிருந்த உரத் தூசியை வேட்டியில் துடைத்துக்கொண்டு நடந்துவந்தார். கேட்டோடு நிற்காமல் ரோட்டுக்கே வந்து இவருக்கு எதிரில் நின்றார்.

"மங்க குளியலறையில வழுக்கி விழுந்து கால்ல கட்டு போட்டுருக்குது மச்சான். எப்புடிச் சொல்றதுன்னு தெரில. உள்ள வாங்க."

கதவுதட்டி சார் என் பக்கம் குனிந்து, "ரோடு வரைக்கும் வந்துட்டாரு. கூப்பிட்டதா வெச்சுக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

கீழே வலப்பக்கம் மெஷின் அறை, இடப்பக்கம் மாடிப்படி. சிதம்பரத்தில் பில் போட முடியாமல் கூட்டம் காத்திருந்தது, என் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவர் இடப்பக்கம் திரும்பினார். மேலிருந்து "அண்ணா" என்று ஒரு குரல் கேட்டது. முதலாளி கீழே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு எனக்காக ஒரு சோடா வாங்கிவர ஆளை அனுப்பினார். கடைசியில் கதவுதட்டி சார் இறங்கிவந்து, பூட்டைத் திறந்து, பொத்தானை ஒரு விரலால் அழுத்தினார். விளக்கு எரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன்.

"எப்புடி சார் நீங்க போய் அந்தத் தப்பப் பண்ணீங்க?"

"நாலஞ்சு ஜன்னல் தொறந்து வெச்சிருந்தேன்ல, கொழம்பிப்போச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்தார்.

அவர் பக்கத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். அவர் திரையில் திறந்திருந்தது ஒரே ஒரு ஜன்னல். அதில் எழுத்து தட்டுகிற இடத்துக்கு முன்னால் முதுநகர் என்று அந்த மெஷினின் பெயர் ஆங்கில எழுத்தில் நின்றது. எதைத் தட்டும் முன்பும் அந்தப் பெயரைப் பார், யார் வீட்டில் நிற்கிறாய் என்று பார் என எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அவருக்கு எதுவும் குழம்பவில்லை. இங்கிருந்தே செய்ய முடியாத ஒரே வேலையை அவர் தேடிப் பிடித்திருக்கிறார். நான் அவரிடம் அதைச் சொல்லவில்லை.

இப்போது சனிக்கிழமை தவறாமல் முதுநகர் போகிறார். மெஷினில் தூசு அடைகிறதாம், நேரில் போய்த் துடைக்க வேண்டுமாம். மத்தியானச் சாப்பாடு தங்கை வீட்டில். மாவட்டத்திலேயே அவ்வளவு சுத்தமான கம்ப்யூட்டர் வேறு இருக்காது.

சென்ற வாரம் முதலாளி எங்கள் கடைக்கு வந்திருந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த ரூமுக்கு இன்னொரு சாவி போட்டு எங்கிட்ட வெச்சுக்கட்டுமாம்மா? பாவம், வாராவாரம் பஸ்ல வந்து அலையுறாரு" என்று கேட்டார். பக்கத்து மேசையில் கதவுதட்டி சார் மும்முரமாக எதையோ தட்டிக்கொண்டிருந்தார், ஆனால் திரையில் ஒரு எழுத்தும் நகரவில்லை.

"வேணாம் சார்" என்றேன். "சாவி அவருகிட்டயே இருக்கட்டும்."