இலை எடுப்பவனைப் பூட்டி வைத்த மாமி

கொல்கத்தாவில் ஒரு விழாவைச் சொன்ன நேரத்துக்குத் தொடங்க வைத்த ஒரே மனுஷி எங்கள் மாத்திரை மாமிதான். கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யவும் தயார்.

வங்கி வேலையாக நான் அந்த ஊரின் டாக்குரியா பகுதியில் குடியிருந்தபோது மாமி மாடி வீட்டில் இருந்தார். மருந்தியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வகுப்பில் பாடமாக நடத்திய மருந்தையே கடைசியில் தானும் விழுங்க வேண்டி வந்தது. மயஸ்தீனியா என்ற நோய். தசைகள் சொன்ன பேச்சைக் கேட்காது. இமை தொங்கும், உதடு குவியாது, சிரித்தால்கூடச் சிடுசிடுப்பதுபோல் தெரியும். பைரிடோஸ்டிக்மைன் மாத்திரை போட்டால் சில மணி நேரம் தெம்பு வரும், பிறகு வடிந்துவிடும்.

அந்தச் சில மணி நேரத்துக்குள் மாமி வாழ்க்கையையே அடுக்கி வைத்திருந்தார். லேக் மார்க்கெட் முறுக்கு, மாத்திரைக்குப் பிறகுதான் டப்பாவைவிட்டு வெளியே வரும். ஒருமுறை ஆட்டோக்காரரோடு தகராறு. பாதியில் நாக்கு குழறியது. "இரு, மாத்திரை போட்டுண்டு வரேன்" என்று மாடி ஏறிவிட்டார். முக்கால் மணி நேரம் கழித்து ஆட்டோ ஸ்டாண்டுக்கே போய், விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார். எதற்குச் சண்டை என்பதே அந்த ஆளுக்கு மறந்து போயிருந்தது.

"இந்த மாத்திரை அப்படி என்னதான் செய்யுது மாமி?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"கல்யாணப் பந்தி பாத்திருக்கியோல்லியோ? நரம்பு, அசிடைல்கோலினைப் பரிமாறும். தசை அதைச் சாப்பிட்டாத்தான் வேலை செய்யும். கோலினெஸ்டெரேஸ்தான் இலை எடுக்கற ஆள். என் தசை சாப்பிடறது நிதானம். ரெண்டு வாய் வைக்கறதுக்குள்ள அவன் இலையைச் சுருட்டிடறான். மாத்திரை அவனைக் கொஞ்ச நாழி அடுக்களையில பூட்டி வைக்கறது, அவ்ளோதான்."

தெரு துர்கா பூஜையில் சங்கு ஊதும் போட்டி உண்டு. முந்தைய வருஷம் சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்ததில் மாமியின் மருந்து வடிந்துவிட்டது. உதட்டோரம் வெறும் காற்றுதான் வந்தது. பந்தலே சிரித்தது. "ஒரு தடவையாவது ஊர் முன்னாடி என் வாய் என் பேச்சைக் கேக்கணும்டா" என்றார். அந்தக் குரலில் விளையாட்டே இல்லை.

அந்த வருஷமும் விருந்தினரைக் காணோம். பூஜைக் குழுச் செயலாளர், "ஆர் பாஞ்ச் மினிட், மாஷிமா" என்றார். 'இன்னும் ஐந்து நிமிஷம், மாமி' என்று வங்காளத்தில் சொல்கிறாராம். கொல்கத்தாவில் அதற்கு முடிவே கிடையாது. மாமியின் இடது இமை லேசாக இறங்க ஆரம்பித்ததைப் பார்த்து நான் அவசரமாகச் சொன்னேன்.

"இன்னொரு மாத்திரை போட்டுக்கோங்களேன் மாமி."

"அசடு! இலையே எடுக்கலேன்னா அடுத்த பந்தி எங்கடா உக்காரும்? கூடப் போட்டா எச்சில் ஊறும், வயித்தைப் பிசையும், இருக்கற தெம்பும் போயிடும்."

சொன்னவர் விறுவிறுவென்று மேடை ஏறினார். செயலாளர் கையைக் குறுக்கே நீட்டினார். "உன் அஞ்சு நிமிஷம் என் நரம்புக்குத் தெரியாது, தள்ளிக்கோ!" என்று சுத்தத் தமிழில் ஒரு அதட்டல். அவர் தள்ளிக்கொண்டார். மாமி கன்னம் உப்பச் சங்கை ஊதினார்.

நீண்ட, பிசிறில்லாத ஊதல். ஆரத்தி தொடங்கிவிட்டது என்று நினைத்த டாக் மேளக்காரர்கள் அடித்து நொறுக்கினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். தேநீரை அப்படியே வைத்துவிட்டுப் பூசாரி ஓடிவந்து தீபத்தை ஏற்றினார். எல்லாம் முடிந்தபின் விருந்தினர் வந்து சேர்ந்தார்.

போட்டி முறைப்படி தொடங்கவில்லை என்று மாமிக்குப் பரிசு தரவில்லை. மாமி அதைச் சட்டை செய்யவே இல்லை. சிரித்தார். அன்றைக்கு அது சிரிப்பாகவே தெரிந்தது.

மறுவருஷத்திலிருந்து செயலாளரே மாடி ஏறி, "மாஷிமா, மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் போட்டி நேரத்தை அறிவிக்கிறார். விருந்தினர் வந்தால் வரட்டும்.

நான் சென்னைக்கு மாற்றலாகி வந்துவிட்டேன். பூஜை நாளில் போன் செய்து அதே கேள்வியை நானும் கேட்பேன். மாமி பதில் சொல்ல மாட்டார், சங்கை எடுத்து ஊதுவார். காது அடைத்துப் போகும். ஆனாலும் போனைக் காதிலிருந்து எடுக்க எனக்கு மனசு வந்ததில்லை.