பிளெக்ஸில் வெளுத்த மூன்று பேர்

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எந்தப் புகைப்படத்திலும் நான் முதலில் தேடுவது என் முகத்தை. அடுத்துப் பார்ப்பது, பக்கத்தில் நிற்பவரைவிட எவ்வளவு கறுப்பாகத் தெரிகிறேன் என்பதை. (வீட்டு அலமாரியில் இரண்டு தட்டு நிறையக் கறுப்பின இலக்கியம் இருக்கிறது. அலமாரியில்தான் இருக்கிறது.)

பத்து வருடத்துக்கு முன்பு தஞ்சாவூரில் எங்கள் வாசகர் வட்டத்துக்கு நான் செயலாளர். அதாவது மைக்செட்டுக்குச் சொல்வது, சால்வை வாங்குவது, பிளெக்ஸ் அடிப்பது. அந்த மாதம் மலர்விழியின் முதல் புத்தக வெளியீடு. கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர். அமெரிக்கக் கறுப்பினப் பெண் ஒருவரின் சிறுகதைகளைத் தமிழில் கொண்டுவந்திருந்தார். அட்டையில் ஒரு கறுப்புச் சிறுமியின் முகம். இவ்வளவு கறுப்பாக இருந்தால் விற்காது என்ற பதிப்பாளரோடு மூன்று மாதம் சண்டை போட்டு வாங்கிய முகம் அது.

"சார், பிளெக்ஸ்ல அந்தப் படம் மட்டும் சரியா வரணும்" என்றார். "பாபநாசத்துலேருந்து அம்மா வர்றாங்க. நடவுக்குப் போயி என்னைப் படிக்க வச்சவங்க, அவங்களுக்கு எழுத்து தெரியாது. அட்டையப் பாத்துட்டு, சின்னதுல நீ இப்படித்தான்டி இருந்தேன்னாங்க. அவங்க படிக்கப்போற ஒரே பக்கம் அதுதான்."

"அதை என்கிட்ட விடுங்க" என்றேன். நம் முகம் நம் புத்தகத்தில் இருப்பது ஏன் முக்கியம் என்று அந்தக் கூட்டத்தில் நாற்பது நிமிடம் பேசப்போகிறவனும் நான்தானே.

பிளெக்ஸ் கடைத் திரையில் மூன்று முகங்கள்: அட்டைச் சிறுமி, மலர்விழி, நான். கடைக்காரரிடம் குரலைத் தாழ்த்தி, "என்னைய மட்டும் கொஞ்சம் பளிச்சுன்னு பண்ண முடியுமா? இயற்கையா இருக்கணும்" என்றேன்.

"ஒருத்தர மட்டும் தூக்குனா மத்தவங்க டல்லடிப்பாங்க சார். மூணு பேரையும் ஒண்ணாத் தூக்கிடுறேன். கல்யாணம், காதுகுத்து எல்லாத்துக்கும் அப்படித்தான்."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு வினாடி இருந்தது. அந்த ஒரு வினாடியும் நான் திரையில், ரோஸ்மில்க் நிறத்துக்கு வந்திருந்த என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். "சரிங்க" என்றேன்.

கூட்டத்தன்று தாமதமாகப் போய் நேராக மேடையேறினேன். பிளெக்ஸ் என் முதுகுக்குப் பின்னால். மலர்விழி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் மேடைப் பதற்றம் என்று நினைத்து, தைரியம் சொல்வதுபோல் தலையசைத்தேன்.

பத்தாவது நிமிடம் உச்சத்துக்குப் போனேன். "இந்த முகத்தைப் பாருங்கள்" என்று கையைப் பின்னால் வீசினேன். "ஒரு துளி சாயம்கூடப் பூசாமல்..."

யாரோ இருமினார்கள். திரும்பிப் பார்த்தேன்.

முன்வரிசையிலிருந்த மலர்விழியின் அம்மா பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டது மண்டபத்துக்கே கேட்டது. "அந்தக் கறுத்த புள்ள எங்கங்க?"

அவர் பிளெக்ஸைக் காட்டினார்.

"இதா? மூணு பேரும் கூடப்பொறந்தவங்க மாதிரில்ல இருக்காங்க."

சபை சிரித்தது. சமாளித்துவிடலாம் என்று நானும் சிரித்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. "இவங்களையெல்லாம் போட்டிருக்கீங்க, எம் பொண்ணு போட்டோ ஒண்ணு வச்சிருக்கலாம்ல?" என்றார்.

அதன்பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மலர்விழி எழுந்து வந்தார். "உக்காருங்க சார்" என்றார். உட்கார்ந்தேன். கீழே இறங்கிப்போய் ஒரு புத்தகத்தை அம்மாவின் மடியில் வைத்தார். அம்மா அட்டையைப் புறங்கையால் துடைத்துவிட்டு, "ம், இது" என்றார். மேடைக்குத் திரும்பிய மலர்விழி மைக்கில் சொன்னது ஒரே வரி: "சார் நாப்பது நிமிஷம் பேச இருந்ததை பிளெக்ஸே பேசிடுச்சு." பிறகு பிளெக்ஸ் கட்டிய கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். சுண்ணாம்பு உதிர்ந்த சுவருக்கு முன்னால் கூட்டம் நன்றாகவே நடந்தது. என்னைத்தான் யாரும் மறுபடி பேசக் கூப்பிடவில்லை.

கதை எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. இன்றும் எங்கள் மகளுக்கு எந்த மாப்பிள்ளை போட்டோ வந்தாலும், "இது ஆளா, நீங்க அடிச்ச பிளெக்ஸா?" என்றுதான் என் மனைவி கேட்பாள்.

போன வருடம், மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கப் படம் எடுக்க, மகளை ஸ்டுடியோவுக்கு அழைத்துப்போனேன். அவள் அப்படியே என் நிறம். படம் எடுத்து முடித்து ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நீங்க கொஞ்சம் வெளியில நில்லுங்க."

போய் நின்றேன்.